நீ மணலில் இறக்கிய எர்த் கம்பி

என் உயிர் மச்சான் நசீருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ அடங்கியிருக்கிற மையவாடி வாசலில் நின்று உனக்கு சலாம் சொல்கிறேன். ஆனால் அங்கே நின்று நீளமாகக் கதைக்க முடியாது. பின்னால் ஆட்கள் வந்து நிற்பார்கள், நானும் துஆ ஓதிவிட்டு நகர வேண்டியதுதான். அதனால்தான் எழுதுகிறேன். வேறு யாராவது வாசித்தால் வாசிக்கட்டும், உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்பதில் அவர்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

முக்கியமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சஹீனா சுகமாக இருக்கிறாள். உன் மனைவி, என் தங்கச்சி, அல்ஹம்துலில்லாஹ், உயிரோடும் கை காலோடும் இருக்கிறாள். இதென்ன இப்படிச் சொல்கிறான் என்று நீ கேட்பாய். போன மாதம் நம் பட்டறை வாள் மெஷினில் அவளைக் கரண்ட் அடித்துவிட்டது மச்சான். நீ வைத்துவிட்டுப் போன சுவிட்ச் இல்லை என்றால் இந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்க மாட்டேன், எழுத எனக்குக் கையும் வந்திருக்காது.

அதைச் சொல்லி, உனக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ உயிரோடு இருந்தபோது உனக்கு நான் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. நமக்குள் அந்தப் பழக்கமே இருக்கவில்லை. ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன், பிறகு என் தங்கச்சியைக் கட்டினவன், உன்னிடம் போய் 'நன்றி' என்று சொன்னால் நீ காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாய்.

அந்த வாள் மெஷின் லொறியில் வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? சிலாபத்துப் பக்கம் ஒருவர் பாவித்துவிட்டுத் தந்தது. நான் ஓடாவி, எனக்கு மரம் தெரியும், வாளின் பல் தெரியும். மோட்டருக்கு வயரைக் கொடுத்து சுவிட்சைப் போட்டால் சுற்றும், அவ்வளவுதான் என் படிப்பு. அந்த மனிதரும் அப்படித்தான் வருஷக்கணக்காக ஓட்டியிருந்தார். நுரைச்சோலைச் சந்தியில் கதவு ஜன்னலுக்கு ஓடர் தந்தவர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். நீயோ மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாய்.

"இத இப்பிடியே ஓட்டப் போறியா? அப்ப முதல்ல ஒன்னத் தூக்கிட்டுப் போக ஒரு சந்தூக்கையும் நீயே செஞ்சி வெச்சிரு. மரம் இருக்குதானே."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த உளியைத் தரையில் எறிந்தேன். நீ அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டு மோட்டரின் மூடியைக் கழற்றத் தொடங்கினாய். என் கோபத்துக்கு நீ ஒருநாளும் பதில் கோபம் காட்டியதில்லை. அதுவே எனக்கு இன்னும் கோபமாக இருக்கும்.

ஸ்டாட்டர் பெட்டியைக் கடல் பக்கச் சுவரில் பூட்டச் சொன்னேன், அது எனக்குக் கைக்கெட்டும் இடம். நீ மாட்டேன் என்றாய். உப்புக் காத்து நேரே அடிக்கும், உள்ளே இரும்பெல்லாம் கறல் பிடிக்கும் என்று சொல்லி, நான் நாலு எட்டு நடக்கிற மாதிரி மறுபக்கச் சுவரில் பூட்டினாய். நிறுத்துகிற பட்டனை மட்டும் தனியாக வயர் இழுத்து என் இடது கைப் பக்கம் கொண்டுவந்து தந்தாய். "ஓடவைக்கத்தான் நடக்கணும். நிப்பாட்ட நடக்கத் தேவையில்ல" என்றாய். அதில் இருந்த கணக்கு அன்று எனக்கு விளங்கவில்லை.

அந்த ஸ்டாட்டரோடு நான் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டாய். ஈரம் காயாத பலா மரத்தை அவசரத்தில் தள்ளினால் மோட்டர் திணறும், உடனே ஸ்டாட்டர் கட்டாகிவிடும். கொஞ்ச நேரம் காத்திருந்து பிறகுதான் திரும்பப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் உன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவேன். "மோட்டருக்கும் மூச்சு வாங்கும் மச்சான், ஒனக்குத்தான் வாங்கிறதில்ல" என்பாய். அதே மோட்டர் இன்றைக்கும் ஓடுகிறது. ஒரு தடவைகூட கருகவில்லை, உள்ளே காயில் கம்பி திரும்பச் சுற்றக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு நாள் பலகை வாளுக்குள் இறுகி நின்ற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. நான் இரண்டு கையையும் உள்ளே விட்டுப் பலகையை இழுத்துக்கொண்டிருந்தேன். சுவிட்சை நிறுத்த வேண்டும் என்ற நினைப்பே இல்லை. திடீரென்று லைட் எரிந்தது, வானொலி பாடத் தொடங்கியது, மேலே மின்விசிறி சுற்றியது. வாள் மட்டும் அசையவில்லை. கையை வெளியே இழுத்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ கதிரையில் இருந்து பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தாய்.

"என்ன கையப் பாக்கிறாய்? இருக்குது. வேணுமெண்டா எண்ணிப் பாரு."

கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடாத ஸ்டாட்டர் அது, மனிதன் வந்து பட்டனை அமத்தினால்தான் ஓடும். நீ அதற்காகவே தேடிப் பிடித்துப் போட்டிருந்தாய். இந்தக் கடிதத்தை எழுதுகிற விரல்கள் அன்றைக்குத் தப்பியவை. அன்றும் நான் நன்றி சொல்லவில்லை, உன்னிடம் இருந்த தேநீரைப் பறித்துக் குடித்தேன்.

எர்த் கம்பிக்கு வருகிறேன். மோட்டரில் எங்காவது கரண்ட் கசிந்தால், அது மனிதன் உடம்பால் போகாமல் மண்ணுக்குப் போக வழி வேண்டும் என்று சொல்லி, பட்டறை வாசலுக்குப் பக்கத்தில் குழி தோண்டினாய். கரியும் உப்பும் போட்டு நீளக் கம்பி ஒன்றை அடித்து இறக்கினாய். வாள் மெஷினின் இரும்பிலிருந்து ஒரு வயர் அங்கே போனது. பட்டறையைச் சுற்றி எவ்வளவு இடம் கிடக்க, நீ தோண்டியது பைப்படியில். பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், வெங்காயத் தோட்டத்திலிருந்து ஓடி வருகிறவர்கள், பஸ்ஸை நிறுத்தி இறங்குகிறவர்கள், எல்லாரும் தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவி வுழூ எடுக்கிற அதே இடம்.

"என்ன, கம்பியும் தொழப் போகுதா?" என்று கேட்டேன்.

"அதுக்கும் தண்ணி குடிக்கத் தேவைதானே" என்றாய்.

நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். நான் பகிடி விட்டேன், நீயும் பகிடிதான் விடுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். நீ எப்போது பகிடி விட்டாய், எப்போது உண்மை சொன்னாய் என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஏலாமல் போனதுதான் இந்தக் கதை முழுவதும்.

கடைசியாக, கசிவு தெரிந்தவுடனே கரண்டையே வெட்டிவிடுகிற அந்த ட்ரிப் சுவிட்ச். எர்த் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். ஒன்று கைவிட்டால் மற்றது இருக்க வேண்டும் என்றாய். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக மெஷினை நிறுத்துகிற நேரம், அதில் இருக்கும் சின்னப் பட்டனை அமத்துவாய். 'டக்' என்று விழும். திரும்பத் தூக்கிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு புறப்படுவாய்.

நீ மவுத்தான பிறகும் நான் அந்த வழக்கத்தை விடவில்லை மச்சான். ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. பட்டனை அமத்துவேன், டக் என்று விழும், எனக்கு மனம் நிறைந்துவிடும். நசீர் செய்த வேலை அப்படியே இருக்கிறது என்று நிம்மதியாகப் பள்ளிக்குப் போவேன்.

சஹீனா உனக்காக வீட்டோடு இருந்த இத்தா முடிந்து கொஞ்ச நாளில் பட்டறைக்கு வரத் தொடங்கினாள். வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொலிஷ் வேலையை அவள் கையில் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் என்னைவிட நன்றாகச் செய்கிறாள். வாடிக்கையாளர்களையும் அவள்தான் சமாளிக்கிறாள். நான் கத்திய இடத்தில் அவள் சிரித்துவிட்டு வேலையை முடித்துவிடுவாள். வரத் தொடங்கிய பிறகுதான் அவள் முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் வந்தது.

உன் பேரில் ஒரு சதக்கா செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டதும் அவள்தான். மவுத்தானவர் பேரில் நின்று நிலைக்கிற தர்மம், அதன் நன்மை உனக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். பைப்படியை வுழூ எடுக்க வசதியாகக் கட்டிக்கொடுப்போம் என்றாள். வயசான ஆட்கள் குந்த முடியாமல் கஷ்டப்படுகிறார்கள் என்றாள். நல்ல நோக்கம், யார் மறுப்பார்? சீமெந்து போட்டு, டைல்ஸ் பதித்து, இருக்கக் கல் வைத்து, அழகாகச் செய்தோம். கழுவுகிற தண்ணீர் வீணாகாமல் குழாய் வைத்துப் பின்வளவுத் தென்னங்கன்றுகளுக்குத் திருப்பிவிட்டோம். மூலையில் உன் பேர் வெட்டிய கல் ஒன்றும் வைத்தோம். பள்ளிவாசல் ஹஸரத் வந்து துஆ ஓதினார். தென்னங்கன்று குருத்து விட்டபோது அதையும் உன் கணக்கில் சேர்த்துச் சந்தோஷப்பட்டோம்.

அதன் பிறகு கோடை. களப்புப் பக்கமிருந்தும் கடல் பக்கமிருந்தும் காத்து மாறி மாறி அடித்தது, மழை எட்டிப் பார்க்கவில்லை. வாள் மேசையில் கை வைக்கும்போது புறங்கையில் சில நாள் ஏதோ ஊர்வது போல இருக்கும். மெஷின் அதிர்வு என்று விட்டுவிட்டேன். நான் சப்பாத்தோடு மரப்பலகையில் நின்று வேலை செய்கிறவன். என்னை அது தீண்டவில்லை.

அன்று பகல் லுஹர் தொழுகைக்கு வுழூ எடுத்துவிட்டு, ஈரக் காலோடு சஹீனா உள்ளே வந்தாள். கல்பிட்டியில் இருந்து ஆள் வந்திருக்கிறார், கதவைப் பார்க்க வேண்டுமாம் என்று சொல்ல வந்தவள், சொல்லிக்கொண்டே மேசையில் கையை ஊன்றினாள். 'டக்' என்று ஒரு சத்தம். மெஷின் நின்றது, லைட் போனது, வானொலி நின்றது. அவள் தரையில் இருந்தாள். மூச்சு வாங்கியது. உதடு வெளுத்துப் போயிருந்தது. நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை, பிறகுதான் கேட்டது.

"யாரோ என்னப் புடிச்சித் தள்ளின மாதிரி இருந்திச்சி நானா."

"யாரும் தள்ளல்ல தங்கச்சி. ட்ரிப் சுவிட்ச் விழுந்திட்டு."

"அந்த சுவிட்ச வெச்சது யாரு?"

நான் தண்ணீர் கொண்டுவர ஓடினேன். டொக்டரிடம் கூட்டிப் போனோம், நெஞ்சைப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொன்னார். ஆனால் மறுநாளிலிருந்து அவள் பட்டறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வாசல் வரை வருவாள், சாப்பாட்டைத் தந்துவிட்டுத் திரும்பிவிடுவாள். நீ போன நாட்களில் இருந்த முகம் திரும்பி வந்துவிட்டது. எனக்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை மச்சான். மெஷினை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மெஷினைத் தொடாமல் பூட்டி வைத்துவிட்டு உடப்பிலிருந்து சிவராசாவைக் கூப்பிட்டேன். உன்னோடு சேர்ந்து வயரிங் வேலைக்குப் போவானே, அதே சிவராசாதான். இப்போது மீசையெல்லாம் வைத்துப் பெரிய மனிதன். மோட்டரின் வயர் போகிற பெட்டியைத் திறந்து காட்டினான். வயர் நுழைகிற வாயில் இருந்த ரப்பர் வெடித்து, உள்ளே மரத்தூளும் உப்பு ஈரமும் சேர்ந்து களியாகப் பிடித்திருந்தது. அதன் வழியாகத்தான் கரண்ட் மெஷினின் இரும்புக்குக் கசிந்திருக்கிறது.

"அப்ப எர்த் என்ன செய்தது?" என்று கேட்டேன். "ஒவ்வொரு வெள்ளியும் பட்டன அமத்திப் பாக்கிறனே!"

"நானா, அந்தப் பட்டன் சுவிட்ச் விழுகுதா எண்டு மட்டுந்தான் காட்டும். எர்த்தைப் பத்தி அதுக்கு ஒண்டும் தெரியாது. எர்த் செத்தாலும் அது டக் எண்டு விழும்."

எத்தனை வெள்ளி, எவ்வளவு நிம்மதி! பட்டனைக் கற்றுக்கொண்டேன், அது எதற்கு என்று கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன்.

சிவராசா மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். "கம்பி எங்க இறக்கினது?" உன் பேர்க் கல்லைக் காட்டினேன். அதன் அடியில்தான் இருந்தது. மூலை வசதியாக இருந்ததால் குழிக்கு மேலேயே கல்லை வைத்துச் சீமெந்து பூசியிருந்தோம். அவன் டைல்ஸைப் பார்த்தான், பைப்பைப் பார்த்தான்.

"இந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுது?"

"பின்னுக்குத் தென்னங்கண்டுக்கு."

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "நசீர் நானா வேணுமெண்டுதான் இந்த இடத்தில இறக்கினவர். இது வெறும் மணல், காஞ்சா கரண்டை எடுக்காது. வருஷம் முழுக்க, நாளுக்கு அஞ்சு நேரமும் தண்ணி விழுற இடம் இந்த ஊரில இதவிட வேற எங்க இருக்கு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது, கம்பி தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நீ சொன்னது. மடையன் நான். உன்னையும் திட்டினேன், மனதுக்குள்: கொஞ்சம் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

வாசலில் நின்ற சஹீனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. உன் பேரில் அவள் ஆசையாகக் கட்டியது. அதை உடைக்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வேறு இடத்தில் ஒரு கம்பியை இறக்கிவிட முடியாதா என்று சிவராசாவின் காதில் கேட்டேன். இறக்கலாம், ஆனால் அங்கேயும் தண்ணீருக்கு வழி பார்க்கத்தான் வேண்டும் என்றான்.

அதற்குள் அவள் சுவரில் சாய்த்திருந்த இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"நானா, தள்ளி நில்லுங்க."

"தங்கச்சி, கொஞ்சம் பொறு. கல்லு உடையாம எடுப்பம்."

"உடஞ்சா உடயட்டும்."

அவளே குத்தினாள் மச்சான். கல் உன் பேரின் நடுவிலேயே வெடித்தது. அவள் நிறுத்தவில்லை. மூச்சு இரைக்க இரைக்கச் சீமெந்தைப் பெயர்த்தாள். அடியில் மணல் பொடியாகக் கிடந்தது, அள்ளினால் விரலிடுக்கால் ஓடியது. கம்பியின் தலையில் பச்சை பூத்திருந்தது. அதைப் பார்த்ததும் அப்படியே குந்தி இருந்துவிட்டாள். அழுதாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை. சிவராசா பைப்பைத் திறந்து முகம் கழுவப் போய்விட்டான்.

"அவர்ர சதக்கா இதுதான் நானா," என்றாள் கம்பியைத் தொட்டு. "எங்களையெல்லாம் காப்பாத்தணுமெண்டு அவர் வெச்சிட்டுப் போனது. அதுக்கு மேல அவர்ர பேரப் போட்டு நாங்க மூடிட்டம்."

பழைய கம்பிக்குப் பக்கத்தில் அதைவிட நீளமான இன்னொன்றைச் சிவராசா ஈர மண் தட்டும் வரை இறக்கி இரண்டையும் சேர்த்துக் கட்டினான். மோட்டர் பெட்டியைத் துடைத்துக் காயவைத்துப் புது ரப்பர் போட்டான். குழாயை வெட்டித் தண்ணீரைத் திரும்பக் குழிக்கே விட்டோம். டைல்ஸும் இருக்கைக் கல்லும் அப்படியே இருக்கின்றன, பெரியவர்கள் வசதியாக இருந்து கழுவுகிறார்கள். மூலையில் மட்டும் ஓட்டை போட்ட மூடி. புதுக் கல் வெட்டக் கொடுப்போமா என்று கேட்டேன். "பேரு அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். தென்னங்கன்றுக்கு நான் வாளியில் ஊற்றுகிறேன், கவலைப்படாதே.

தண்ணீர் நன்றாக ஊறட்டும் என்று சிவராசா சில நாள் விட்டுவிட்டு ஓர் அஸர் தொழுகை நேரம் மீட்டரோடு வந்தான். மெஷினின் இரும்பில் வைத்துப் பார்த்தான், மண்ணில் வைத்துப் பார்த்தான், வேண்டுமென்றே கசிவு உண்டாக்கிச் சுவிட்ச் விழுகிறதா என்றும் பார்த்தான். "இனி ஒரு பயமும் இல்ல நானா" என்றான். வெளியே ஆட்கள் வுழூ எடுத்துக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் மூடிக்குள் இறங்குகிற சத்தம் உள்ளே கேட்டது.

சஹீனா வாசற்படியில் நின்றாள். நான் அவளை உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு, படியைத் தாண்டி, மெதுவாக வந்தாள். மேசையின் ஓரத்துக்கு மேலே கையை நீட்டினாள். கை அந்தரத்தில் நின்றது. பிறகு கண்ணை மூடி, பிஸ்மி சொல்லி, உள்ளங்கை முழுவதையும் இரும்பில் வைத்தாள்.

"ஒண்டும் இல்ல நானா. வெறும் இரும்புதான்."

"ஓம்" என்றேன்.

"அப்ப என்னத்துக்கு மரம் மாதிரி நிக்கிறீங்க? மெஷினப் போடுங்க. கல்பிட்டிக் கதவு இன்னும் முடியல்ல."

மறுபக்கச் சுவருக்கு நடந்து போய்ப் பட்டனை அமத்தினேன். வாள் சுற்றத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தேன் மச்சான், அவள் மேசை ஓரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

இனி வெள்ளிக்கிழமைப் பட்டனை அமத்துவதோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். கோடை தொடங்கும்போதும் முடியும்போதும் சிவராசாவைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து பார்ப்பேன், மோட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். சஹீனாவும் நானும் இருக்கும் வரை அந்தக் குழிக்கு மேல் யாரையும் ஒரு பிடி சீமெந்து போட விடமாட்டோம். இது உனக்கு நான் தரும் வாக்கு. அல்லாஹ் உன் கப்றை விசாலமாக்கி ஒளியாக்கி வைக்கட்டும்.

உன்னைத் திட்டித் திட்டியே உன்னால் பிழைத்திருக்கும்,
சஹீனாவின் நானா, உன் மச்சான்
பௌசி ஓடாவி